உடைத்துப் பார்ப்பவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. கோபித்துக்கொள்வாள் என்பதற்காக அல்ல. எழுதினால், முதல் வரியிலிருந்து படித்து எங்கெங்கே தவறு என்று குறித்து அனுப்பிவிடுவாள். பெங்களூரில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் செய்து தருவதை உடைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. எனக்கு அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அவளுக்கு அது சுபாவம்.

அலுவலகத்தின் பெயரையும் சொல்லக் கூடாது. ராணுவத்துக்கான காரியம் என்பதால் வாசலில் பலகைகூடக் கிடையாது. ஆனால் பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தம் வந்ததும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தொண்டை கிழியக் கூவுவார்கள். "ரகசியம் எந்தப் பக்கம் ஒழுகும்னு யாருமே டெஸ்ட் பண்ணல பாரு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவாள்.

நான் குடியாத்தத்திலிருந்து வந்து அல்சூரில் ஒரு மாடி அறையில் இருந்தேன். அவள் காக்ஸ் டவுன்காரி. அம்மா இல்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவோடு, சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள் என்பதால் நான் அக்கா என்பேன். மற்றவர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்றும், அந்தப் பக்கம் திரும்பினால் மாமியார் என்றும் சொன்னார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொண்ணூற்றொன்றில், யாரோ ஒருவர் வளைகுடாப் போரை வீடியோ கேசட்டில் பிடித்துக்கொண்டு வந்தார். கேன்டீன் டிவியில் போட்டார்கள். குண்டு ஒன்று நேராகப் போய் ஒரு கட்டடத்தின் ஜன்னலுக்குள் நுழைந்தது. எங்கள் தலைவர் முரளி சார் எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தீங்களா? இனிமே சண்டைன்னா இதுதான். சிப்பாய் இல்ல, கம்ப்யூட்டர்தான்" என்றார். கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். எல்லாரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பின் பெஞ்சிலிருந்து அவள் கேட்டாள்:

"ஜன்னல்ல போகாத குண்டெல்லாம் எங்க சார் போச்சு?"

"அதெல்லாம் காட்ட மாட்டாங்கம்மா."

"அந்தக் கேசட் கிடைச்சாச் சொல்லுங்க சார், வந்து பாக்கறேன்" என்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நல்லபடியாக நடப்பது அவளுக்கு ஒரு செய்தியே இல்லை. "உடையாதுன்னு சொல்லாத. எப்படி உடையும்னு சொல்லு" என்பதுதான் தினமும் அவள் வாயில் வரும் வாக்கியம். புது டிபன் கேரியர் வாங்கினால் அதில் சாம்பாரை ஊற்றி, அப்பா படித்துக்கொண்டிருக்கும் பேப்பருக்கு மேலே தலைகீழாகப் பிடிப்பாள். "பேப்பர் மேல ஏம்மா?" என்று அவர் கேட்டால், "வேற எங்க கொட்டினாலும் உங்களுக்குப் பதற்றம் வராது டாடி. யாருக்காவது பதற்றம் வந்தாத்தான் அது டெஸ்ட்" என்பாள். புதுக் குடையைக் குழாயடியில் கொண்டுபோய் முதலில் உள்பக்கமாக நனைப்பாள். ஸ்கூட்டர் வாங்கிய மறுநாள் முழங்கை இரண்டிலும் கட்டோடு ஆபீஸ் வந்தாள். என்ன ஆச்சு என்று பதறினேன்.

"ஒண்ணும் ஆகல. கிரவுண்டுல மணலைக் கொட்டி, வேகமாப் போய் பிரேக் புடிச்சேன். இடது பக்கமாத்தான் சாயுது. அது தெரிஞ்சுபோச்சு, இனிமே பயமில்ல."

"தெரியாமலே ஓட்டியிருந்தா விழுந்திருக்கவே மாட்டீங்களே, அக்கா?"

"அப்பவும் ஒருநாள் விழுவேன். ஆனா எந்தப் பக்கம்னு தெரியாம விழுவேன்" என்றாள்.

அவள் ஏன் இப்படி என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "பொறந்ததும் எல்லாக் குழந்தையும் அழும். இது முதல்ல தொட்டில் கம்பியைப் புடிச்சு ஆட்டிப் பாத்துச்சு. சரியில்லன்னு தெரிஞ்ச பிறகுதான் அழுதது" என்றார். அந்த வீட்டில் நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அவளைப் பெண் பார்க்க வந்த கதை எங்கள் ஆபீஸில் ரொம்ப நாள் ஓடியது. சென்னையிலிருந்து ஒரு வங்கி அதிகாரி, தாய் தகப்பனோடு வந்தார். நல்ல குடும்பம், அதே சபை. நானும் கூட இருந்தேன். அவளே டீ கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, "உங்களுக்குக் கோபம் வந்தா எப்படி வரும்?" என்று அந்த மனிதரிடம் கேட்டாள்.

"எனக்குக் கோபமே வராதுங்க" என்று அவர் சிரித்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, "டீ ரொம்ப நல்லா இருக்கு" என்று கோப்பையை வைத்தார்.

அவர்கள் போனதும், வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அந்தத் தம்பிக்கு என்னம்மா குறை?"

"அவர் டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்புப் போட்டேன் டாடி. மொத்தத்தையும் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்றார். தப்பு நடந்தாலும் தப்புன்னே காட்டாத மெஷின் அது. ஒருநாள் மொத்தமா வெடிக்கும். எப்போன்னு நமக்குத் தெரியாது."

அப்பா அந்தக் காலிக் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். "உங்க அம்மா போட்ட காப்பியை நான் இருபது வருஷம் அப்படித்தாம்மா குடிச்சேன்" என்றார்.

இவ்வளவும் சிரிக்கத்தான். ஆனால் எங்கள் மேஜைக்கு வந்த சாமான் சிரிக்கிற சாமான் இல்லை. நாங்கள் அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்டிருந்தது ஆளில்லாத ஒரு சிறு விமானம். ஆபீஸில் அதை வண்டி என்றுதான் சொல்வோம். மூக்கில் ஒரு கேமரா இருக்கும். கீழே ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரேடியோ வழியாக ஓட்டுவார். மலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று அது பார்த்துச் சொல்லும். அதுவரைக்கும் அந்த வேலைக்கு ஆள்தான் ஏறிப் போகவேண்டும். ஏறிப்போனவர் இறங்கி வருவார் என்பது நிச்சயமில்லை.

தொண்ணூற்றொன்பது கோடையில் வடக்கே மலைமேல் சண்டை தொடங்கியபோது, வண்டி ஏறக்குறையத் தயார். டெல்லியிலிருந்து போன் மேல் போன். முரளி சாருக்கு அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நாடே காத்துக்கிட்டிருக்கு. நீ ஏம்மா நடுவுல நிக்கற?"

"குளிர்ல டெஸ்ட் பண்ணலையே சார்."

"இது பெங்களூரு. குளிருக்கு நான் எங்க போறது?"

அதை அவளே பார்த்துக்கொண்டாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கம்பளிக் கையுறை வாங்கினாள். மே மாதத்தில் கையுறை கேட்டவளிடம், "எந்த நாட்டுக்கு மேடம் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டாராம். கேன்டீனில் ஜூஸுக்கு வைத்திருந்த ஐஸை ஒரு பக்கெட் நிறைய வாங்கிவந்து, தலையில் குரங்குக் குல்லாவோடு, ஐஸில் கையை விட்டு விறைக்க வைத்து, கையுறை மாட்டி, பட்டன்களை அழுத்திப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அரை ஆபீஸ் நின்று வேடிக்கை பார்த்தது. ஐஸ் தண்ணீர் ஒழுகிக் கீபோர்டு செத்துப்போயிற்று. அதையே முதல் குறையாக என்னை எழுதச் சொன்னாள். அன்று கேன்டீனில் யாருக்கும் ஜூஸ் இல்லை. மாமியார் என்ற பெயர் நிரந்தரமானது அன்றைக்குத்தான்.

வண்டியை வாங்கிப்போக மலையிலிருந்தே ஒரு கேப்டன் வந்தார். குடகுக்காரர். படையில் தமிழ் ஆட்களோடு இருந்து பழகிய தமிழ் பேசுவார். உதடெல்லாம் வெடித்து, மூக்குத் தோல் உரிந்து, முப்பது வயதுக்கு ஐம்பது வயது முகம். முரளி சார் அவரை உட்காரவைத்து, விளக்கை அணைத்து, வண்டியின் பெருமைகளை ஒவ்வொரு படமாகச் சுவரில் காட்டினார். மூன்றாவது படத்துக்குள் கேப்டன் தூங்கிப்போனார். அவரை எழுப்பி எங்கள் அறைக்கு அழைத்து வந்தவள் அவள்தான். மேஜை மேலிருந்த கையுறையை அவர் எடுத்துப் பார்த்தார்.

"இது என்ன மேடம்?"

"மேல குளிர்னு சொன்னாங்க. இதப் போட்டுத்தான் டெஸ்ட் பண்ணேன்."

"இதப் போட்டுக்கிட்டு மேல போனா, எறங்கறப்ப வெரல் இருக்காது" என்று சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். அது கையுறை இல்லை, தலையணை. "பாதி நேரம் இதுலயும் கை வராது."

"அப்ப எப்படி பட்டன் அழுத்துவீங்க?"

"மூக்கால."

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை. "காட்டுங்க" என்றாள் அவள். அவர் குனிந்து, தோலுரிந்த மூக்கால் ஒரு பட்டனை அழுத்தப் போக, மூன்று சேர்ந்து அமுங்கின. திரை மொத்தமும் கறுத்துப்போயிற்று.

"அடடா!" என்று கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "இத்தனை வருஷத்துல என்னைவிட மோசமா யோசிக்கற ஆளை இப்பதான் பாக்கறேன். உக்காருங்க சார். டீ சொல்லட்டுமா?"

"சர்க்கரை போட்டு" என்றேன் நான் அவசரமாக.

இரண்டு பேரும் உட்கார்ந்து அதை உடைக்க ஆரம்பித்தார்கள். நிஜமாக வண்டியைப் பறக்க விடவில்லை. திரையில் ஒரு வரைபடம், அதில் வண்டிக்குப் பதில் ஒரு புள்ளி. கேப்டனிடம், "மேல இருக்கறப்ப எப்படிக் கிளப்புவீங்களோ அப்படியே கிளப்புங்க" என்றாள். கிளப்புவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியங்கள் திரையில் நீளமாக வந்தன. அவர் ஒன்றைக்கூடப் படிக்காமல் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போனார்.

"படிக்கலையா?" என்றேன்.

"பக்கத்துல ஷெல் விழறப்ப யாரும்மா படிக்கறது?"

புள்ளி மலைமேல் அழகாகப் பறந்தது. அப்போது அவள் ரேடியோ இணைப்பைத் துண்டித்தாள். அப்படி அறுந்துபோனால் வண்டி யாரும் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பவேண்டும். புரோகிராமில் அந்தப் பகுதியை முரளி சாரே தன் கையால் எழுதியிருந்தார். அவருக்கு அதில் தனிப் பெருமை என்பதால், அதைப் பார்க்கவே எங்கள் அறைக்கு வந்து நின்றார். "இப்ப பாருங்க, கன்னுக்குட்டி மாதிரி வீட்டுக்கு வரும்" என்று கேப்டனின் தோளைத் தட்டினார்.

புள்ளி நின்றது. யோசிப்பது போலச் சற்றே வட்டமடித்தது. பிறகு மேற்கே திரும்பி, நேர்கோட்டில் போக ஆரம்பித்தது.

"எங்கம்மா போகுது?" என்றார் முரளி சார்.

"வீட்டுக்குத்தான் சார்."

"யார் வீட்டுக்கு?"

கேப்டன் தாண்டிப்போன காரியங்களில், வீடு எங்கே இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லும் இடமும் ஒன்று. சொல்லாமல் விட்டதால் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம். அவள் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த உலக வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினாள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, நடுக்கடலில் போய் விரல் நின்றது.

"சார், நம்ம கன்னுக்குட்டி ஆப்பிரிக்காவுக்குப் போகுது."

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். முரளி சாரும் சிரித்தார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அவள் விரலிலிருந்து வடக்கே மலை வரைக்கும் கண்ணாலேயே ஒரு கோடு இழுத்தார். பிறகு கோட்டின் இந்த முனையில், மலைக்கு ஒட்டினாற்போல் தன் விரலை வைத்தார்.

"அவ்ளோ தூரத்துக்கு எண்ணெய் இல்ல சார். இங்கயே விழும். எல்லைக்கு அந்தப் பக்கம். கேமராவோட, எங்க ஆளுங்க எங்கெங்க படுத்திருக்காங்கன்னு படம் புடிச்சதோட."

முரளி சார் வந்த டீயைத் தள்ளி வைத்துவிட்டு, தான் எழுதியதைத் திரையில் திறந்தார்.

திருத்துவதற்கு ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. வீடு தெரியாமல் வண்டி கிளம்பக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. இது ஒளிந்திருந்தது என்றால் இன்னும் எது எது ஒளிந்திருக்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கேப்டன் வெறுங்கையோடு மலைக்குத் திரும்பினார். நாங்கள் முடிப்பதற்குள் அங்கே சண்டை முடிந்துவிட்டது.

அந்தச் செய்தி வந்த அன்று ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். அவள் தன்னுடையதைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை.

"வண்டி போயிருந்தா, ஏறிப்போய்ப் பாத்தவங்கள்ல சில பேர் ஏற வேண்டியதில்ல. இல்லையா?" என்றாள்.

"கையெழுத்துப் போட்டிருந்தா, அது அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கும் அக்கா."

"விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். அத டெஸ்ட் பண்ண முடியாது."

முரளி சார் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். மழைக்காலம் வந்து, கேப்டன் ஸ்ரீநகரிலிருந்து போன் செய்து, "மூக்கு ஆறிப்போச்சு மேடம், வண்டி எங்க?" என்று கேட்டபிறகுதான் அவள் முகம் பழையபடி ஆனது.

வண்டியைக் கோலார் பக்கம் ஒரு வறண்ட ஏரியில் பறக்கவிட்டோம். இந்தத் தடவை நிஜமாகவே ரேடியோவைத் துண்டித்தார்கள். வண்டி மேகத்துக்குள் போய் மறைந்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி நின்றோம். அவள் மட்டும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வளையல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. கேழ்வரகுக் கொல்லைக்கு மேலே வட்டமடித்து, கிளம்பிய இடத்திலேயே வந்து இறங்கியது.

கைதட்டல் ஓய்வதற்குள் கொல்லைக்காரர் தடியோடு வந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் அவருடைய ஆடுகள் மிரண்டு ஓடியிருந்தன. தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழில், "யாருய்யா அத ஓட்டுனது?" என்றார்.

"அதுல ஆளே இல்லைங்க" என்றார் முரளி சார் பெருமையோடு.

"ஆளே இல்லையா? அப்ப நான் யார்கிட்டய்யா சண்டை போடறது?"

முரளி சார் விழித்தார். கடைசியில் நாங்கள் எல்லாரும், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, ஏரிக்குள் இறங்கி ஆடுகளை விரட்டிப் பிடித்துக் கொடுத்தோம். அவளுக்குத்தான் மூன்று ஆடு கிடைத்தது. எந்தப் பக்கம் மிரளும் என்று முன்னாடியே தெரிந்துவிடுகிறதாம்.

சில வருடம் கழித்து அடுத்த வண்டியைப் பற்றிப் பேச முரளி சார் எங்களைக் கூப்பிட்டார். இது பார்ப்பதோடு நிற்காது. பார்த்த இடத்தில் குண்டு போடும். ஆளைத் திரையில் பார்த்து, குறி வைத்து, பட்டனை அழுத்தினால் போதும். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். மேஜையில் பட்டன்களின் மாதிரிப் பலகை ஒன்று இருந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அழுத்தின பிறகு வேண்டாம்னு தோணினா?"

"ஏன் தோணும்?"

"திரையில எதிரி ஆள்னு நெனச்சது விறகு பொறுக்கற பொம்பளையா இருந்தா? குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அது தெரிஞ்சா?"

"அதெல்லாம் அழுத்தறதுக்கு முன்னாடி யோசிக்கணும். டெல்லியில எழுதிக் கொடுத்ததுல அப்படி ஒரு பட்டன் இல்லம்மா."

"அப்ப இத நான் எப்படி சார் உடைச்சுப் பாக்கறது? இதுவரைக்கும் நான் உடைச்சா போறது மெஷின்தான். இதுல ஒருத்தர் செத்தாத்தானே தப்புன்னே தெரியும்?"

முரளி சார் கெட்டவர் இல்லை. கஷ்டப்பட்டு யோசித்தார். "ஓட்டறவங்களையே கேட்டுடலாம்" என்று மேஜை போனிலிருந்து நம் கேப்டனைக் கூப்பிட்டார். அவர் அப்போது மேஜர். மூன்று பேருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவைத்தார். இந்தம்மா இப்படிக் கேக்கறாங்க, ஓட்டறவங்களுக்கு அப்படியெல்லாம் மனசு மாறுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தோம்.

"மாறும் சார்" என்றது குரல். "நான் 'பேடா, வேண்டாம்'னு கத்துறப்ப, அதுக்குக் கேக்கணும். அந்தப் பட்டன் இல்லாம அனுப்பாதீங்க."

பிறகு அவர் என்னென்னவோ பேசினார், மழை, அவர் பெண்ணின் பள்ளிக்கூடம் என்று. யாரும் அந்த விஷயத்துக்குத் திரும்பவில்லை.

பட்டன் வருவதற்கு மாதக் கணக்கில் ஆயிற்று. டெல்லியில் ஒத்துக்கொள்ளவில்லை. செலவு என்றார்கள், தாமதம் என்றார்கள், பைத்தியக்காரத்தனம் என்றார்கள். முரளி சார் இரண்டு முறை போய் வந்தார். இரண்டாவது முறை சண்டை போட்டுவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டோம். ஒருநாள் காலையில் புதுப் பலகை வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்தது. ஓரத்தில் தனியாகக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டன். ஒயர் வேலை செய்த மல்லேஸ்வரத்துப் பையன் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கன்னடத்தில் 'பேடா' என்று எழுதியிருந்தான். வேண்டாம் என்று அர்த்தம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் குண்டு கிளம்பும். அவள் பேடாவை அழுத்துவாள். குண்டு விலகிப் போய் வெற்று மலையில் விழும். சீக்கிரம் அழுத்திப் பார்த்தாள், தாமதமாக அழுத்திப் பார்த்தாள், ரேடியோவைப் பாதி அறுத்துவிட்டு அழுத்திப் பார்த்தாள். சாப்பிடப் போகவில்லை. ஒரு தடவைகூட அது உடையவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும், உடையாத சாமானைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்திருக்கும்.

சாயங்காலம் ஆபீஸ் பஸ் ஹார்ன் அடித்தது. நான் இரண்டு பேர் பையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, பஸ் போயிடும். அதான் வேலை செய்யுதே."

அவள் திரும்பாமல், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள்.